மாத்திரைகளுக்குள்ளும் சத்துரு மித்துரு உண்டு!

அந்த அம்மாவுக்கு அயச்செந்தூரம் கொடுத்தது நான். சங்கு பற்பம் கொடுத்ததும் நான்தான். அதனால் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. (அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "நாலு எட்டு நடந்தா மேல்மூச்சு வாங்குது அய்யா. நெஞ்செரிச்சல் வேற" என்றார். கண் இமையை இழுத்துப் பார்த்தேன்; வெளுத்துக் கிடந்தது. பாண்டு. கரிசக்காட்டுப் பெண்களிடம் தினமும் பார்க்கிற நோய்தானே!

"வேற ஏதும் மருந்து சாப்பிடுறீகளா தாயி?" என்று கேட்டேன். "இல்லய்யா" என்றார். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்று நானும் விட்டுவிட்டேன். அயச்செந்தூரம் தேனில் குழைத்துக் காலை மாலை, வெறும் வயிற்றில். சங்கு பற்பம் நெய்யில். போய்விட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து அழுதுகொண்டே வந்தார். கையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. பல வருஷமாக எச்.ஐ.வி.க்கு அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர் அவர்! ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அடங்கியிருந்ததாம். வருஷாந்திரப் பரிசோதனையில் திடீரென்று ஏறிவிட்டது. "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடலையா?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "ஒரு நாள்கூட விட்டதில்லய்யா, எம்புள்ள மேல சத்தியம்" என்றார் என்னிடம். நான் நம்புகிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன்னால், வெறும் வயிற்றில் அந்த மாத்திரையை விழுங்கியிருக்கிறார். அதே கையோடு என் செந்தூரத்தையும் பற்பத்தையும் சாப்பிட்டிருக்கிறார்.

கிருமி ஏறியதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாத்திரையின் சங்கதி தெரிந்த எவரும் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, சரக்குகளின் சத்துரு மித்துரு. எந்தச் சரக்கு எதற்கு நட்பு, எது எதற்குப் பகை என்று தெரியாதவன் மருந்து முடிக்கக் கூடாது. ஆங்கில மருந்துக்கும் இது அப்படியே பொருந்தும். அதிலும் எச்.ஐ.வி. மருந்துகளுக்குப் போல் எந்த மருந்துக்கும் பொருந்தாது.

ஏன் மூன்று மருந்து?

கரிசலில் பருத்தி போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காய்ப்புழுவுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும்? தப்பிப் பிழைத்த நாலு புழு, மருந்துக்குச் சாகாத குட்டிகளாகப் பெருக்கும். பிறகு அதே மருந்தில் குளிப்பாட்டினாலும் புழு சாகாது. மருந்தைத் தண்ணீர் கலந்து நீர்க்க அடித்தால் இன்னும் மோசம்; புழுவுக்குப் பழக்கம் கொடுத்த மாதிரி.

எச்.ஐ.வி. கிருமியும் அப்படித்தான். ரத்தத்தில் இருக்கும் சில வெள்ளணுக்களுக்குள் புகுந்து, தன் மரபுச் சரட்டைப் பிரதி எடுக்கும். பிரதி எடுக்கும்போது ஏகப்பட்ட எழுத்துப்பிழை செய்யும். அந்தப் பிழைகளில் ஏதாவது ஒன்று மருந்துக்குத் தப்பும் வழியாகிவிடும். 1987ல் சிடோவுடின் என்ற முதல் மருந்து வந்தபோது அதைத் தனியாகத்தான் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. 1996 வாக்கில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் சாவு குறைய ஆரம்பித்தது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

ஆனால், மூன்று மருந்து என்றால் எந்த மூன்றும் அல்ல. இங்கேதான் நட்பும் பகையும் வருகிறது.

பகையாளிகள்

சிடோவுடின், ஸ்டாவுடின் என்று இரண்டு மருந்து. தனித்தனியாக இரண்டும் வேலை செய்கிறவைதான். சேர்த்துக் கொடுத்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். காரணம் எளிது. இரண்டும் உடம்புக்குள் போன பிறகுதான் மருந்தாக மாறும். மாற்றிக் கொடுக்கும் நொதி இரண்டுக்கும் ஒன்றே. ஒரே அடுப்பில் இரண்டு பேர் உலை வைக்கப் போனால் என்ன ஆகும்? சிடோவுடின் முந்திக்கொள்ளும், ஸ்டாவுடின் வேகாது. அதனால் இந்த இரண்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்று விதியே செய்தார்கள்.

ஸ்டாவுடினும் டைடனோசினும் சேர்ந்தால் வேறு விதப் பகை. இங்கே கிருமி மேல் அல்ல, நோயாளி மேல்! கை கால் நரம்பு எரியும், கணையம் வீங்கும், ரத்தத்தில் அமிலம் கூடும். டெனோஃபோவிரோடு டைடனோசின் சேர்ந்தால் டைடனோசின் அளவு ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிடும். இந்தப் பழைய மருந்துகள் நம் நாட்டு மையங்களில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் வழக்கத்திலிருந்து போய்விட்டன. ஆனாலும் சொல்லக் காரணம் உண்டு. "ரெண்டும் நல்ல மருந்துதானே, சேர்த்துச் சாப்பிட்டா சீக்கிரம் குணமாகும்" என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போன வருஷ மாத்திரை டப்பா பீரோவில் மிச்சம் இருக்கும், மையத்தில் புதிய மாத்திரைக்கு மாற்றியிருப்பார்கள். "வீணாக்குவானேன்" என்று இரண்டையும் சாப்பிடுவது! பழைய மாத்திரையில் உள்ள எஃபாவிரென்ஸ், புதிய மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிரின் அளவைப் பாதிக்கு மேல் குறைக்கக் கூடியது. டெனோஃபோவிரோ இரண்டிலும் இருப்பதால் இரட்டிப்பாகிச் சிறுநீரகத்தில் ஏறும். பழையதை மையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு மித்துரு: ரிட்டோனாவிர்

இது எனக்கு மிகவும் பிடித்த கதை. நம் சாலைகளில் செக்போஸ்ட் இருக்கிற மாதிரி, வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வழியில் கல்லீரல் ஒரு செக்போஸ்ட். வருகிற மருந்தில் பாதியை அங்கேயே பிரித்துப் போட்டு அழித்துவிடும். 1996ல் வந்த ரிட்டோனாவிர் மருந்துக்கு ஒரு குணம்: இந்தச் செக்போஸ்ட்டைத் தூங்க வைத்துவிடும். முழு அளவில் கொடுத்தால் வாந்தியும் பேதியும் தாங்க முடியாது. ஆனால் சிறு அளவில், 100 மில்லிகிராம் கொடுத்தால், கூட வருகிற அட்டசனாவிர், லோபினாவிர் போன்ற மருந்துகள் அழியாமல் ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்கும். அதாவது, கெட்ட குணத்தையே நல்ல வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். முதல் வரிசை மருந்து கேட்காமல் போனவர்களுக்கு நம் மையங்களில் கொடுக்கும் இரண்டாம் வரிசை மருந்துகளில் இந்தக் கூட்டணி உண்டு. டெனோஃபோவிர் தனியாக அட்டசனாவிரின் அளவைக் குறைக்கும்; நடுவில் ரிட்டோனாவிர் வந்தால் அந்தக் குறை சரிக்கட்டப்படும். எங்கள் மொழியில் சொன்னால், பகைச் சரக்கு இரண்டை ஒரு நட்புச் சரக்கு சேர்த்து வைக்கிறது.

ஆனால் தூங்குகிற செக்போஸ்ட் எல்லா வண்டியையும்தான் விட்டுவிடும்! ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில ஸ்டீராய்டு மருந்துகள், கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாடின் போன்றவை ரத்தத்தில் தேங்கி விஷமாகும். ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர் இன்ஹேலர் வைத்திருந்தால், அதையும் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

இதற்கு நேர் எதிரி காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின். அது செக்போஸ்ட்டில் ஆளைக் கூட்டிவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நம் நாட்டில் அதிகம் வருகிற துணைநோயே காசம்தான். அதனால் இந்தப் பகையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிடும் காலத்தில் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை ஒருவேளைக்குப் பதில் இருவேளையாக, 12 மணி நேர இடைவெளியில் கொடுப்பார்கள். காசநோய் மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் அப்படியே தொடர வேண்டும். கூட்டின ஆட்கள் கலைந்து போக அவ்வளவு நாள் ஆகும். "டி.பி. மாத்திரை முடிஞ்சுதே" என்று அன்றைக்கே ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமாசிபைன் இரண்டும் இதே வேலையைச் செய்யும்.

சரி, என் செந்தூரத்துக்கு வருகிறேன்

2020க்குப் பிறகு நம் மையங்களில் பெரும்பாலோருக்குக் கொடுப்பது டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் அடக்கம். தினம் ஒன்று. நல்ல மாத்திரை, பழையவற்றைவிடத் தொந்தரவும் குறைவு.

இதில் டோலுடெக்ராவிர் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? கிருமி தன் மரபுச் சரட்டை நம் அணுவின் சரட்டோடு தைத்து வைக்க ஒரு நொதியை வைத்திருக்கிறது. அந்த நொதியின் மையத்தில் மக்னீசியம் என்ற உலோகம் உட்கார்ந்திருக்கிறது. டோலுடெக்ராவிர் போய் அந்த உலோகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஊசி முனை ஒடிந்த மாதிரி, தையல் நின்றுவிடும்.

உலோகத்தைப் பிடிப்பதே அதன் பிழைப்பு. அப்படியிருக்க, குடலிலேயே இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் எதிரே வந்தால் விடுமா? அங்கேயே கட்டிப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குள் போகாமல் மலத்தோடு போய்விடும். வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேரும் டோலுடெக்ராவிர் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கால்சியத்தோடு என்றால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. அலுமினியமும் மக்னீசியமும் உள்ள அல்சர் மருந்தோடு என்றால் நான்கில் மூன்று பங்கு போச்சு! நீர்க்க அடித்த மருந்து கதைதான்.

இப்போது என் அலமாரியைப் பாருங்கள். அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் - இரும்பு. சங்கு பற்பம், பலகறை பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவழ பற்பம் - எல்லாம் சுண்ணாம்புச் சத்து. அந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது இரண்டும் இந்த வரிசையில்தான். சித்த மருந்தென்று இல்லை. பெட்டிக்கடையில் வாங்கிக் குடிக்கும் ஜெலூசில், டைஜீன், கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, துத்தநாகம் சேர்ந்த சத்து மாத்திரை, எல்லாமே இதில் சேர்த்திதான்.

அதற்காக இவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. நேரத்தைப் பிரித்தால் போதும். உலோகம் உள்ள மருந்து சாப்பிடுவதற்கு 2 மணி நேரம் முன்னால் டி.எல்.டி. போட்டுக்கொள்ளலாம். அல்லது அது சாப்பிட்டு 6 மணி நேரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வயிறு நிறையச் சாப்பாட்டோடு டி.எல்.டி.யும் சேர்த்து எடுத்துக்கொண்டாலும் கெடுதல் இல்லை என்று பார்த்திருக்கிறார்கள். அல்சர் மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்கள் பற்ப செந்தூரங்களை வைத்து அப்படி யாரும் அளந்து சொன்னதாக நான் அறியேன். அதனால் என் நோயாளிகளுக்கு நேரம் பிரிப்பதை மட்டும்தான் சொல்கிறேன். ராத்திரி 9 மணிக்கு டி.எல்.டி. என்றால், செந்தூரம் காலை 7 மணி, மத்தியானம் 2 மணி. சாயங்காலம் 6 மணிக்கு ஒரு வேளை வைத்தோமானால் நடுவில் 3 மணி நேரம்தான், கூடாது.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டோலுடெக்ராவிர், மெட்ஃபார்மின் மாத்திரை உடம்பை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும். ரத்தத்தில் அதன் அளவு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதனால் மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். சர்க்கரைக்குத் தனியார் டாக்டர், எச்.ஐ.வி.க்கு அரசு மையம் என்று இரண்டு இடம் போகிறவர்கள் இரண்டு இடத்திலும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

பூண்டும் மிளகும் ஆகாதா?

கேட்பீர்கள் என்று தெரியும். பூண்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சாக்வினாவிர் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்தின் அளவு பாதியாகக் குறைந்ததை அமெரிக்காவில் கண்டார்கள். 2007ல் நம் நாட்டு ஆய்வாளர்கள், மிளகில் உள்ள பைப்பரின் என்ற சத்து, நெவிரபின் மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடுவதைக் காட்டினார்கள். இரண்டுமே பிரித்தெடுத்து, மாத்திரையாக்கிக் கொடுத்தது. உங்கள் வீட்டு ரசமும் பூண்டுக் குழம்பும் அந்தக் கணக்கில் வராது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் திரிகடுகுச் சூரணம் மாதக்கணக்கில் சாப்பிடுவது ரசம் சாப்பிடுவது போல் அல்ல. அமுக்கரா சூரணத்தில்கூட மிளகும் திப்பிலியும் சேர்கின்றன. நெவிரபின் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு நான் அதைச் சொல்லாமல் கொடுக்க மாட்டேன்.

சித்த மருத்துவத்துக்கும் எச்.ஐ.வி.க்கும் பழைய சம்பந்தம் உண்டு. இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் 1986ல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1990களில் ஆங்கில மருந்து ஏழைக்கு எட்டாத விலை. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையில் டாக்டர் தெய்வநாயகம் - அவர் ஆங்கில மருத்துவர் - ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கைவிடப்பட்டவர்களுக்கு அன்று அது பெரிய ஆறுதல். கல்லூரியில் நாங்கள் அதைப் பெருமையோடு பேசிக்கொள்வோம். ஆனால் கிருமியை அடக்கும் மருந்து 2004 ஏப்ரல் 1 முதல் அரசாங்கத்தால் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது; முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதற்குப் பிறகும் "ஏ.ஆர்.டி.யை நிறுத்து, சித்தாவில் குணப்படுத்துகிறேன்" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் அட்டவணையில் எய்ட்ஸும் இருக்கிறது. கூடவே மஞ்சள்காமாலை பி வகைக் கிருமி இருப்பவர் டி.எல்.டி.யைத் திடீரென நிறுத்தினால், கல்லீரலே பொங்கிவிடும்.

ரசம் சேர்ந்த மருந்துகள் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும். அந்தச் சமயத்தில் ரசம், பாஷாணம் சேர்ந்த மருந்துகளை நான் கொடுப்பதில்லை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் அப்படியே. எங்கள் ஆட்களில் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

ஏன் சொல்லவில்லை?

அந்த அம்மாவிடம் இதைக் கேட்டேன். "எப்படிச் சொல்லுவேன் அய்யா? உங்க ஆஸ்பத்திரியில மருந்து மடிக்கிற பிள்ளை எங்க தெருவுல்ல?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. என் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கையில் "வேற மருந்து சாப்பிடுறீகளா" என்று சத்தமாகக் கேட்டவன் நான்தானே! 2017ல் வந்து 2018 செப்டம்பரில் அமலான எச்.ஐ.வி. சட்டப்படி, நோயாளி சொன்னதை மருத்துவர் வெளியே விடக் கூடாது. சட்டம் இருக்கட்டும், கதவு வேண்டாமா? இப்போது உள்ளறையில், தனியாக வைத்துத்தான் கேட்கிறேன். கேள்வியையும் மாற்றிவிட்டேன். "தினமும் ஏதாவது மாத்திரை உண்டா? பேர் வேண்டாம், எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்குத் தக்கன நம்ம மருந்தை வச்சுக்கிடலாம்" என்பேன். முக்கால்வாசிப் பேர் டப்பாவையே எடுத்துக் காட்டிவிடுகிறார்கள்.

நோயைச் சொல்லத் தயங்குகிறீர்கள் என்றால் நீங்களும் அப்படியே செய்யலாம். "நான் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், அதோடு இரும்பும் கால்சியமும் சேரக் கூடாது" என்று சொன்னால் எந்த வைத்தியரும் புரிந்துகொள்வார். இன்னும் சந்தேகம் என்றால் ஏ.ஆர்.டி. மையத்தின் கவுன்சலரிடம் நாட்டு மருந்து சாப்பிடுவதை மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயம். திட்டினால் திட்டட்டும்! தொலைபேசியில் கேட்க 1097 என்ற இலவச எண்ணும் உண்டு.

அந்த அம்மாவின் செந்தூரத்தை அன்றே நிறுத்தினேன். என் கைப்பட ஒரு தாளில் என்ன மருந்து, எந்த நேரம் என்று எழுதிக் கொடுத்து, மையத்து டாக்டரிடம் காட்டச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை, டி.எல்.டி.யை ராத்திரிக்கு மாற்றி, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார். கிருமி இறங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் செந்தூரத்தை மறுபடி ஆரம்பித்தோம், நேரம் பிரித்து. பாண்டும் இப்போது குறைந்திருக்கிறது.

போன வாரம் வந்தார். தினசரி காலண்டரின் பின்னட்டையில் மகன் எழுதிக் கொடுத்த நேர அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினார். காலை 7, மத்தியானம் 2, ராத்திரி 9. எல்லாம் சரி. எழுந்து போகும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அய்யா, முட்டு வலிக்குத் தைலம் தேய்க்கேன். அதுவும் இதுகூடச் சண்டை போடுமா?"

"தைலம் தோலோடு நிற்கும் தாயி, சண்டைக்கு வராது. ஆனா வலி மாத்திரைக்கு மட்டும் என்னைக் கேட்காமப் போயிராதீக" என்றேன்.